பிரசவப் பைகள் திரும்பி வந்த வாரம்

அனுப்பி வைத்த சரக்கு அப்படியே திரும்பி வருவதைவிடப் பெரிய தலைகுனிவு ஒரு தெருவில் வேறெதுவும் இல்லை. அதிலும் மைசூர் கேசரேயில் காவேரி குடியிருக்கிற தெரு இருக்கிறதே, வண்டி நிற்பதற்குள் அதில் என்ன இருக்கிறது, யார் வீட்டுக்கு வந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடும். போன வாரம் சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, டிரைவருக்கு டீயும் பன்னும் கொடுத்து பெங்களூருக்கு அனுப்பிய அதே டெம்போ, அதே மூட்டைகளோடு தூறலில் நனைந்துகொண்டு காவேரி வீட்டு வாசலில் வந்து நின்றது. டிரைவர் இந்தத் தடவை டீ வேண்டாம் என்றான். மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு, காவேரியின் முகத்தைப் பார்க்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

எதிர்வீட்டிலிருந்து பஞ்சவர்ணம் கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். அடுத்த சந்திலிருந்து மாரக்காள் வந்து சேர்வதற்குள் மூட்டைகள் நன்றாக நனைந்துவிட்டன. மூன்று பேரும் சேர்ந்து இழுத்து முன்னறைக்குள் போட்டார்கள். மாரக்காளே வாயைத் திறக்கவில்லை என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம். அவள் தூக்கத்தில்கூட யாருக்காவது பதில் சொல்லிக்கொண்டிருக்கிறவள்.

மூட்டைக்குள் இருந்தவை பிரசவப் பைகள். நாடா வைத்துத் தைத்த காடாத் துணிப் பை ஒவ்வொன்றிலும் ஒரு சோப்பு, ஒரு புது பிளேடு, தொப்புள்கொடி கட்டுவதற்கு நூல், கையுறை, கீழே விரிக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, பிறந்த பிள்ளையைத் துடைத்துச் சுற்ற இரண்டு துணி. சூடானில் சண்டைக்குத் தப்பி, வீடு வாசலை விட்டுவிட்டு நடந்து வருகிற கர்ப்பிணிகளுக்கு இவை போக வேண்டும். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்களாகவே கூடி, வந்தவர்களுக்குச் சமைத்துப் போடுகிறார்கள், பிரசவமும் பார்க்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி இக்லாஸ் என்கிற மருத்துவச்சி.

மைசூர் கேசரேக்கும் சூடானுக்கும் என்ன சம்பந்தம் என்றால், ஜூடித் சிஸ்டர்தான் சம்பந்தம். அவர் அங்கே ஒம்துர்மான் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் பல வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு மைசூர் பன்னிமண்டபத்துக்குத் திரும்பி வந்தவர். இக்லாஸ் அவரோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவள். கார்மென்ட்ஸ் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்து விழுந்த காவேரியையும் மாரக்காளையும் பஞ்சவர்ணத்தையும் இன்னும் சிலரையும் ஒரு தையல் குழுவாகக் கட்டி நிறுத்தியவரும் ஜூடித்தான். குழுவுக்குக் காவேரி தலைவி. பைக்கான செலவைக் கொடுத்து, கப்பலில் ஏற்றி அனுப்புவது பெங்களூரிலுள்ள ஒரு உதவி நிறுவனம்.

அந்த நிறுவனம் பிள்ளையைச் சுற்றுகிற துணிக்காகப் பேல் பேலாகப் புதுத் துணி அனுப்பியிருந்தது. மொடமொடவென்று, கஞ்சி வாடையோடு. காவேரி அதைத் தொட்டுப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், மடித்து ஓரமாக வைத்துப் போர்வை போட்டு மூடினாள். பிறந்த பிள்ளைக்குப் புதுத் துணியா? அவளுடைய ஊரான கோபிநத்தத்தில் சொன்னால் சிரிப்பார்கள். பேர் வைக்கிற வரைக்கும் பிள்ளையைப் பழஞ்சேலையில்தான் சுற்றுவார்கள். மாரக்காளுக்கும் அதுவே வழக்கம், பஞ்சவர்ணத்துக்கும் அதுவே வழக்கம். யாரையும் கேட்க வேண்டும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. தெரிந்த விஷயத்தைப் போய் யாரைக் கேட்பது?

தமிழ் வீடு, கன்னட வீடு, உருது பேசுகிற வீடு என்று பாராமல் ஏறி இறங்கிப் பழைய நூல்சேலைகளாக வாங்கி வந்தார்கள். பிரசவத்துக்கு என்று சொன்னால் எந்தப் பெண்ணும் பீரோவைத் திறந்துவிடுவாள். காவேரி தன்னுடைய நல்ல சேலைகள் இரண்டையும் போட்டாள். அண்டாவில் வேகவைத்து, அலசி, கிழித்து, ஓரம் அடித்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்து, நிறுவனம் சொன்னபடியே பாலிதீன் உறைக்குள் போட்டு ஒட்டினார்கள். மூன்று பேருக்கும் பெருமை தாங்கவில்லை.

ஆனால் ஆடி மாதம். மைசூரில் அந்த மாதத்தில் தூறல் வந்து போவதில்லை, குடியே இருக்கும். கொடியில் போட்ட சேலை மூன்றாம் நாளும் சில்லென்றே தொங்கும். மேலே தொட்டால் காய்ந்தது, உள்மடிப்பில் ஈரம். உறையை ஒட்டியதும் அந்த ஈரம் உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. பெங்களூர்க் கிடங்கில் ஒரு உறையைப் பிரித்தார்கள்; மக்கின வாடை. இன்னொன்றைப் பிரித்தார்கள், கரும்புள்ளி. அதற்குமேல் பிரிக்கவில்லை, அத்தனையையும் திருப்பிவிட்டார்கள்.

மறுநாள் அந்த நிறுவனத்திலிருந்து உமேஷ் வந்தான். ஆடி வெள்ளி, சாமுண்டி மலைக்குப் போகிற கூட்டத்தில் பஸ் மாட்டிக்கொண்டு, சட்டை கசங்கி, பசியோடு வந்தான். ஜூடித்தும் கூட வந்திருந்தார். உமேஷ் கன்னடத்தில் பேசினான், காவேரி தமிழும் கன்னடமும் கலந்து பதில் சொன்னாள். அந்த ஊரில் அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. உடுத்திய பழந்துணியை வாங்குவதில்லை என்பது நிறுவனத்தின் விதி என்றான். கன்டெய்னர் அடுத்த வாரம் கிளம்புகிறது, அதற்குள் அத்தனை பையையும் பிரித்துப் புதுத் துணி வைத்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கப்பல் எப்போது என்று தனக்கே தெரியாது, குழுவுக்கு இனி வேலை வருமா என்பதும் தெரியாது என்றான். காவேரி வழக்கத்தைச் சொன்னாள். தன் மகளையும் பழைய சேலையில்தான் சுற்றினார்கள் என்று அவன் ஒப்புக்கொண்டான். ஆனால் அந்தச் சேலை யாருடையது, எங்கே காய்ந்தது என்று தனக்குத் தெரியும், இந்தத் துணிகளைப்பற்றித் தனக்கு என்ன தெரியும் என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. பஞ்சவர்ணம் ரவை கிளறிக் கொடுத்த உப்பிட்டைச் சாப்பிட்டுவிட்டு, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு ஜூடித் கரும்புள்ளி விழுந்த ஒரு துணியை விரித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"காவேரி, நான் சொல்றேன்னு வருத்தப்படாதம்மா. தொப்புள்கொடி அறுத்த இடம் பச்சைப் புண்ணு. இந்தத் துணி அதுல பட்டா சீழ் வைக்கும். இங்கன்னா ஆன்டிபயாடிக் குடுத்து பார்த்துக்கலாம். அங்க அதெல்லாம் எங்க இருக்கு?"

"அப்ப நாங்க அனுப்புன துணியே கொன்னு போட்டிருக்குமுங்களா சிஸ்டர்?"

ஜூடித்துக்குப் பொய் சொல்ல வராது. "சில குழந்தைங்கள… ஆமாம்மா" என்றார்.

காவேரி எழுந்து பின்பக்கம் போனாள். தொட்டியில் தண்ணீர் நிறைந்திருந்தும் குழாயைத் திறந்துவிட்டாள். அப்புறம் மூடினாள். அன்றிலிருந்து அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

மற்றவர்களுக்கு அது ஒரு தப்பு, திருத்திக்கொள்ளலாம். காவேரிக்கு அப்படியில்லை. இப்போதிருக்கிற மகள் சக்திக்கு முன்னால் அவளுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது, கோபிநத்தத்தில். தகப்பனான சந்தோஷத்தில் அவள் புருஷன் பழனி ஹனூர் சந்தைக்குப் போய் ஒரு சிவப்புச் சட்டை வாங்கி வந்தான். பேர் வைப்பதற்கு முன்னால் புதுசு போடாதே என்று பெரியவர்கள் சொல்லத்தான் சொன்னார்கள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு சாயங்காலம் மட்டும்தானே என்று காவேரி போட்டுவிட்டாள். அன்று ராத்திரியே காய்ச்சல். மழையில் ரோடு அறுத்துக்கொண்டதால் ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப் வரவில்லை. பிள்ளை விடிவதற்குள் போய்விட்டது. புதுத் துணி போட்டார்கள், பிள்ளை போயிற்று என்று ஊரே சொல்லிற்று. அந்தச் சட்டையைக் கழற்றி யாரோ ஆற்றில் விட்டார்கள்.

துணியால் காய்ச்சல் வராது என்று ஜூடித் பல தடவை எடுத்துச் சொல்லியிருக்கிறார். காவேரியின் புத்திக்கு அது புரிந்தது, கைக்குத்தான் புரியவில்லை. பழனியோ அதற்கப்புறம் கடைப் பக்கமே போவதில்லை. மகள் சக்திக்குத் தீபாவளித் துணி எடுப்பதென்றாலும் காவேரிதான் போக வேண்டும். அந்தப் பிள்ளையைப் பற்றி அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஊரை விட்டு மைசூருக்கு வந்து, அவன் பெயிண்ட் அடிக்கிற வேலையிலும் அவள் தையலிலும் விழுந்து, சக்தி பிறந்து அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அந்தப் பேச்சு மட்டும் கோபிநத்தத்திலேயே நின்றுவிட்டது.

"நீங்க புதுத் துணி வையுங்க. நான் பிரிச்சுக் குடுக்கறேன்" என்று காவேரி மற்ற இருவரிடமும் சொன்னாள். ஏன் என்று மாரக்காளுக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை.

வேலை தொடங்கிற்று. காவேரி நாடாவை அவிழ்த்து, சாமான்களைத் தட்டில் கொட்டி, பழந்துணியை எடுத்து மூலையில் எறிவாள். சோப்பு நனைந்திருக்கிறதா, பிளேடின் காகிதம் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பாள். மழையில் ஈரமான பையென்றால் தனியாகப் போடுவாள். பஞ்சவர்ணம் புதுத் துணியை வெட்டினாள். மாரக்காள் மெஷினில் உட்கார்ந்து ஓரம் அடித்தாள். தூறல் நிற்கவில்லை என்பதால், வாசலில் தார்ப்பாய் கட்டி, அதற்குக் கீழே கரியடுப்பு மூட்டி, வெட்டிய துணியைக் கூடையில் கவிழ்த்துக் காய வைத்தார்கள். வீடு முழுக்கப் புகையும் கஞ்சி வாடையும் பழஞ்சேலையின் மக்கல் வாடையும் கலந்து, வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள்.

பழனிக்கும் வேலையில்லை. தூறலில் எந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது? அவன் வாசற்படியில் குந்தி பீடி பிடிப்பான், உள்ளே எட்டிப் பார்ப்பான், எழுந்து தெருமுனைக்குப் போவான், போன வேகத்தில் திரும்பி வருவான். தன் வீட்டில் தனக்கு உட்கார இடமில்லை என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்வான். ஒரு மத்தியானம் களிக்கும் கொள்ளுச் சாற்றுக்கும் நடுவில் வெடித்துவிட்டான்.

"எதுக்கு இந்த வேல? நம்ம கண்ணுல பாக்காத ஊரு. நம்ம துணி போயி என்னாவுதுன்னு நமக்குத் தெரியப்போவுதா? கம்பெனில மறுபடியும் ஆள் எடுக்கறாங்களாமா. போயிச் சேந்துக்கோ."

"இத முடிச்சுப்போட்டுச் சேந்துக்கறனுங்க" என்றாள் காவேரி.

"முடிக்கறியா? புதுத்துணியக் கையில தொடாம எப்படி முடிப்ப?"

அவன் அதைக் கவனித்திருக்கிறான் என்று தெரிந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் பாதிக் களியை வைத்துவிட்டு எழுந்துபோனான். மீதியைப் பஞ்சவர்ணம் மூடி வைத்தாள்.

இரண்டு நாள் பிரித்த பிறகு காவேரிக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை என்ன, ஒரு நப்பாசை. இக்லாஸையே ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் என்ன? அவர்கள் ஊர் வழக்கம் என்ன, பிறந்த பிள்ளைக்குப் புதுசு ஆகுமா ஆகாதா? ஆகாது என்று அந்தம்மாள் சொல்லிவிட்டால், பெங்களூர்க்காரர்களிடம் ஜூடித் வாதாடலாம். நன்றாகக் காயவைத்து, பழந்துணியே வைக்கலாம். ஜூடித்துக்குப் போன் போட்டாள்.

"அந்தம்மாவ எல்லாங் கேளுங்க சிஸ்டர். துணி எப்படி வேணும், வேற என்ன வேணும்னு. பெங்களூர்ல இருந்து சொல்றத வெச்சு நாமளே கட்டிக்கட்டி அனுப்பறோம். வாங்கறவங்கள ஒருக்காக்கூடக் கேக்கலீங்களே."

இக்லாஸோடு ஜூடித் வாரம் தவறாமல் பேசுகிறவர். பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார், குண்டு எங்கே விழுந்தது என்று கேட்பார், அழுவார்கள், ஜெபம் பண்ணுவார். பையில் என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டதில்லை. அதைத் தீர்மானிப்பது பெங்களூர், பெங்களூருக்கு மேலே இன்னொரு ஆபீஸ் என்று விட்டிருந்தார். கேட்கிறேன் என்றார்.

பதில் உடனே வரவில்லை. அங்கே சிக்னல் எப்போது இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. காவேரி பை பிரிப்பாள், எழுந்து சக்தியிடம் வந்துச்சா என்று கேட்பாள், அடுப்பைக் கிளறுவாள், மறுபடியும் சக்தியிடம் போவாள். ஜூடித் சிஸ்டர் மெசேஜ் போட்டால் சக்தியின் போனுக்குத்தான் வரும்.

"சும்னே கூத்துக்கோம்மா" என்றாள் சக்தி. அம்மாவைச் சும்மா உட்காரச் சொல்வதற்கு அவளுக்குக் கன்னடம்தான் வாகாக வரும். "மெசேஜ் வந்தா போனே கூப்பிடும். நீ எத்தன தடவ கேப்ப?"

"உனக்கென்ன கண்ணு, சொல்லுவ."

மாரக்காள் மெஷினை நிறுத்தாமலே, அங்கே பள்ளிக்கூடத்தில் கரண்டு இருக்குமா, அடுப்புக்கு என்ன எரிப்பார்கள், பிரசவம் ஆனவளுக்குச் சுக்கும் மிளகுமாகக் காயம் அரைத்துக் கொடுக்க ஆள் இருக்குமா என்று கேட்டுக்கொண்டே போனாள். யாருக்கும் தெரியாது. தெரியாவிட்டாலும் பஞ்சவர்ணம் பதில் சொன்னாள். அந்தப் பொம்பளைகள் எல்லாவற்றுக்கும் ஏதாவது வழி பண்ணியிருப்பார்கள், வழி பண்ணாத பொம்பளை எந்த ஊரில் இருக்கிறாள் என்றாள்.

ஜூடித் மெசேஜ் போடவில்லை, நேரிலேயே வந்துவிட்டார். சாயங்காலத்துக்கு முன்னாலேயே இருட்டிக்கொண்டு வந்த ஒரு மத்தியானம், ஆட்டோவிலிருந்து ஒரு துணிச் சிப்பத்தை இறக்கினார். சந்தேப்பேட்டைக் கடையில் வாங்கியது என்றார். பிரிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, போனைத் தட்டினார். கரகரத்த ஒரு பெண்குரல் அரபியும் இங்கிலீஷுமாகப் பேசியது. பின்னால் எங்கேயோ பாத்திரங்கள் உருளும் சத்தம், ஒரு பிள்ளை அழுகிற சத்தம். ஜூடித் அங்கங்கே நிறுத்தித் தமிழில் சொன்னார்.

"முதல்ல உங்க எல்லாருக்கும் சலாம் சொல்றா. அப்புறம், எங்ககிட்ட கேட்டதுக்கு ரொம்ப தேங்க்ஸ்ங்கறா. துணி புதுசா பழசாங்கறது அவங்களுக்கு ஒண்ணும் இல்லையாம். சுத்தமா, காஞ்சதா இருந்தாப் போதுமாம்."

காவேரியின் நப்பாசை அத்தோடு போயிற்று. பெங்களூரை எதிர்த்து வாதாட இதில் ஒன்றும் இல்லை. புதுசுதான் வைத்தாக வேண்டும். சரி என்று தலையாட்டினாள்.

"இன்னொண்ணு கேக்கறா." ஜூடித் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க வந்து பொறக்கற எல்லாக் குழந்தையும் தங்கறதில்லைங்கறா. தாய்ங்க நடந்து வந்தவங்க, பட்டினி கிடந்தவங்க. அவங்க மேல இருக்கறது ஒரே துணி. நம்ம சேலை மாதிரிதான், தலையோட சுத்திக்குவாங்க. குழந்தை போயிட்டா, சுத்தறதுக்குத் தாய் அதுல இருந்துதான் கிழிச்சுக் குடுக்கறாளாம். கிழிச்சப்புறம் அந்தப் பொண்ணு வெளிய வர்றதில்ல. தண்ணிக்கு வரமாட்டா, சாப்பாட்டுக்கு வந்து நிக்கமாட்டா. மூடிக்க இல்லையே. அதனால ஒவ்வொரு பையிலயும் ஒரு வெள்ளைத் துணி, புதுசு, வெச்சுக் குடுங்கங்கறா. எதுக்குன்னு எழுத வேண்டாமாம். குழந்தை பொழச்சா அதுவே இன்னொரு சுத்துத்துணி."

குரல் நின்றது. மாரக்காள் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டாள். வாசற்படியில் பழனி அணைந்துபோன பீடியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

வருகிற வழியிலேயே உமேஷிடம் கேட்டுவிட்டதாக ஜூடித் சொன்னார். அவன் மேலதிகாரிகளைக் கேட்டானாம். பட்டியலில் இல்லாத சாமானைச் சேர்க்க முடியாது, அதுவும் பிரசவப் பையில் சவத்துக்கான துணி என்றால் பணம் கொடுக்கிறவர்களிடம் என்ன சொல்வது என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்களாம். அப்புறம் உமேஷே கொஞ்சம் தணிந்து, தான் எடையும் சீலும்தான் பார்ப்பேன், ஒரு பையில் எத்தனை சுத்துத்துணி என்று எண்ணிக்கொண்டிருக்க மாட்டேன், ஆனால் பின்னால் கேள்வி வந்தால் குழுதான் பதில் சொல்ல வேண்டும் என்றானாம்.

"குழுன்னா நீதான் காவேரி" என்றார் ஜூடித். "துணி நான் வாங்கிட்டு வந்துட்டேன். நீ வேண்டாம்னா ஆட்டோவுல திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன். உன்ன ஒரு வார்த்த சொல்லமாட்டேன்."

"முடியாதுங்க சிஸ்டர்." காவேரியின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "பொறக்கப்போற கொழந்தைக்குப் போற பையில நானே சாவுத்துணிய மடிச்சு வெக்கறதா? புதுசு வெக்கறதுக்கே எனக்குக் கை வரல. போயிருமுங்க சிஸ்டர். எல்லாக் கொழந்தையும் போயிரும்."

யாரும் அவளைத் தேற்றவில்லை. தேற்றுகிற விஷயம் இல்லை அது. அவள் சுவரோரம் போய், பிரித்துப் போட்ட பழந்துணிக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளில் அவள் உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தார்கள். ஒருத்தி, பிள்ளை பெற்ற உடம்போடு, கிழிந்த துணியைக் கட்டிக்கொண்டு மூலையில் குந்தியிருப்பது அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. போ என்றால் போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மாரக்காள்தான் எழுந்து சிப்பத்தை அவிழ்த்தாள். தலைவி முடியாது என்றால் முடியாதுதான், ஆனால் அந்தம்மாள் வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள், அளவாவது பார்த்து வைப்போம் என்று முணுமுணுத்தாள். வெள்ளைத் துணி தரையில் சுவர் முதல் சுவர் வரை ஓடியது. சக்தி கத்தரியை எடுத்துக்கொண்டு மண்டி போட்டாள்.

"எஷ்டு உத்தா சிஸ்டர்? எவ்ளோ நீளம் வெட்டணும்?"

ஜூடித்துக்குத் தெரியவில்லை. இக்லாஸ் அளவு சொல்லவில்லை. பிறந்த பிள்ளையின் நீளம் அவருக்கு அத்துப்படி. அதற்குக் கொஞ்சம் கூட வைத்து, இவ்வளவு போதுமே என்று இரண்டு கையாலும் காட்டினார்.

"பத்தாதுங்க சிஸ்டர்."

சொன்னவன் பழனி. வாசற்படியை விட்டு எழுந்து நிலையில் கை ஊன்றி நின்றிருந்தான். யாரையும் பார்க்காமல் துணியை மட்டும் பார்த்தான்.

"கொழந்த நீளத்துக்கு வெட்டுனாப் பத்தாது. தலைக்கு மேல ஒரு சாண், காலுக்குக் கீழ ஒரு சாண் விடோணும், முடி போடறதுக்கு. அகலத்துல ரெண்டு சுத்து வரோணும். இல்லீன்னா எடுத்துட்டுப் போறப்ப நெகிந்துக்கும்."

காவேரி தலையைத் தூக்கினாள். அன்று பிள்ளையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனவன் அவன். புதைக்க ஆண்கள்தான் போனார்கள். அவள் உள்ளே கிடந்தாள். அதற்கப்புறம் அவள் கேட்டதில்லை, அவன் சொன்னதில்லை.

"அன்னைக்கு எதுல கொண்டுட்டுப் போனீங்க?" என்று கேட்டாள்.

பழனி பீடியைத் தூர எறிந்தான்.

"என்ற துண்டுலதான். பழசு. நல்ல துணியா ஒண்ணுகூட வீட்டுல இல்ல. ஹனூருக்குப் போயி வாங்கலாம்னா வண்டியில்ல, மழ. துண்டு பத்தல காவேரி. காலு ரெண்டும் வெளிய தெரிஞ்சுட்டே இருந்துச்சு. நனையக்கூடாதுன்னு, போற வரைக்கும் கையில பொத்திப் புடிச்சுட்டே போனன்."

இவ்வளவு வருஷமும் தான் வாங்கி வந்த சட்டையை நினைத்துத்தான் அவன் கடைக்குப் போவதில்லை என்று அவள் எண்ணியிருந்தாள். வாங்க முடியாமல் போன துணி ஒன்று அவனுக்குள் கிடந்தது அவளுக்குத் தெரியாது. அழுகை வந்தது. அதை அடக்க அவள் முயலவில்லை. சக்தி அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். தனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்பது அவளுக்குத் தெரியும். அதற்குக் கால்கள் இருந்தன என்பது அன்றுதான் தெரிந்ததுபோல வாயைத் திறந்தபடி நின்றாள்.

காவேரி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். சக்தியின் கையிலிருந்து கத்தரியை வாங்கினாள்.

"கீழ உக்காந்து கையக் காட்டுங்க" என்றாள் பழனியிடம்.

அவன் துணிக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, முழங்கையை ஊன்றி, விரலை நீட்டினான். விரல் இடுக்கில் வெள்ளைப் பெயிண்ட் இருந்தது. ஒரு முழம். கையை எடுத்து வைத்து இன்னொரு முழம். அதற்கு மேல் ஒரு சாண். அவன் விரல் முடிந்த இடத்தில் காவேரி கத்தரியை வைத்தாள். வைத்துவிட்டு யோசித்தாள். இன்னும் நாலு விரல் தள்ளி வைத்து, மொடமொடத்த புதுத் துணியை இடது கையால் இறுக்கிப் பிடித்து, ஒரே நேராக வெட்டினாள்.

முதல் துணியை அவளே மடித்தாள். ஒரு பையில் மற்ற இரண்டு புதுத் துணிக்கும் அடியில் வைத்தாள். கத்தரியை மகளிடம் நீட்டினாள்.

"எல்லாத்தையும் இதே அளவுக்கு வெட்டு கண்ணு" என்றாள். "கொறைச்சுடாத."